எல்லை தாண்டிய குளிர்

புதுச்சேரியில் நிழல் மேம்பாட்டு இயக்ககம் என்று ஓர் அரசு அலுவலகம் இருப்பது ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இயக்ககத்துக்கே அது அவ்வப்போதுதான் நினைவுக்கு வரும். மரக்கன்று நடுவது, அதிலிருந்து நிழல் விழ வைப்பது, விழுந்த நிழலை அளந்து மேலிடத்துக்கு எழுதுவது, இவ்வளவுதான் அதன் வேலை. மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தில், வாசலில் ஒரு செடிகூட இல்லாமல், மொட்டை வெயிலில் அது நடந்துவந்தது.

அந்த மொட்டை வெயிலில்தான் புது வண்டி வந்து நின்றது. வெள்ளை வண்டி. உள்ளே ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வீட்டு டிவி அளவுக்கு ஒரு திரை. வழி சொல்வது, பாட்டு போடுவது, ஏசியைக் கூட்டிக் குறைப்பது எல்லாமே அந்தத் திரைக்குள். திருகுவதற்கு ஒரு குமிழ் கிடையாது. டிரைவர் கன்னியப்பன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டான். அவனுக்கு வண்டியைப் பார்த்துப் பயமில்லை. வண்டியை வைத்து அலுவலகம் என்ன செய்யப்போகிறதோ என்றுதான் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கன்னியப்பன் வவுச்சர் டிரைவர். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர் நிரந்தர ஊழியர். மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்குபவர் வவுச்சர் ஊழியர். இருவரும் செய்வது ஒரே வேலைதான். ஆட்சி மாறினால் மட்டும் வித்தியாசம் தெரியும். நிரந்தரத்துக்குப் புது நாற்காலி வரும். வவுச்சர் வீட்டுக்குப் போவார். கன்னியப்பன் அப்படி இரண்டு முறை வீட்டுக்குப் போய், யார் யார் காலிலோ விழுந்து திரும்பி வந்தவன். கதிர்காமத்தில் அவன் குடியிருந்த தெருவில் கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும், "இன்னா கன்னியப்பா, பெர்மனன்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் உட்காரச் சொல்வார்கள். மனைவி கமலவேணி இப்போதெல்லாம் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, இப்போதுதான் அவனுடைய ஃபைல் இயக்குநர் மேசைக்குப் போயிருந்தது. கண்காணிப்பாளர் சுலோசனா அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஆறு மாசம் கன்னியப்பா. ஒரு மெமோ வாங்காம ஓட்டிக் காட்டு. சார் கையெழுத்து போட்டுடுவாரு. ஒரே ஒரு மெமோ வந்துச்சுன்னு வெச்சுக்க, ஃபைலு திரும்பி என் டேபிளுக்கு வந்துடும். என் டேபிள பத்தி உனக்கே தெரியும்."

தெரியும். சுலோசனா மேடத்தின் மேசையிலிருந்து எந்த ஃபைலும் உயிரோடு எழுந்ததை அவன் பார்த்ததில்லை.

எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்ததும் இயக்குநர் வெற்றிச்செல்வன் வண்டிமுன் நின்று உரையாற்றினார். அவர் எங்கே நான்கு பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தாலும் உரையாற்றுவார்.

"நண்பர்களே, இதை வண்டி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது நடமாடும் நிழல். வெளியே எப்பேர்ப்பட்ட வெயில் அடித்தாலும், உள்ளே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது தெரியவே தெரியாது. மக்களுக்கு நிழல் கொடுக்க நினைப்பவன் முதலில் தான் நிழலில் உட்கார வேண்டும். அந்த முதல் கட்டத்தை நம் இயக்ககம் இன்று வெற்றிகரமாக முடித்திருக்கிறது."

வெயிலில் நின்ற ஊழியர்கள் கை தட்டினார்கள். இரண்டாம் கட்டம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் சுற்றறிக்கை ஏசியைப் பற்றி வந்தது. வண்டிக் கம்பெனியிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த ஆள், டிரைவர் பக்கம், பக்கத்து சீட்டு, பின்சீட்டு என மூன்று இடத்துக்கும் தனித்தனியாகக் குளிர் வைத்துக்கொள்ளலாம் என்று விவரம் தெரியாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தனித்தனி என்ற சொல் காதில் விழுந்தால் ஓர் அரசு அலுவலகம் சும்மா இருக்குமா? இயக்குநருக்குப் பத்தொன்பது டிகிரி, இணை இயக்குநருக்கு இருபத்தொன்று, துணை இயக்குநருக்கு இருபத்து மூன்று, கண்காணிப்பாளருக்கு இருபத்தைந்து என்று வகுத்துவிட்டார்கள். பதவி ஏற ஏறக் குளிர வேண்டும். கடைசியில் ஒரு வரி: "வவுச்சர் ஊழியருக்குக் குளிர்சாதன வசதி அனுமதித்து ஆணை ஏதும் இல்லாதபடியால், அவர் பக்கத்தில் வீதியில் நிலவும் வெப்பமே நிலவும்."

டிரைவர் பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் காக்கி நிற டேப் ஒட்டினார்கள். பழைய ஜீப்பில் ஏசியே கிடையாது. அதை ஓட்டிய கன்னியப்பனுக்கு இது ஒரு பொருட்டா? ஆனால் குளிருக்குச் சுற்றறிக்கை படிக்கத் தெரியவில்லை. பின்சீட்டில் இயக்குநருக்கென்று விட்ட பத்தொன்பது டிகிரி, மெல்ல முன்னால் வந்து கன்னியப்பன் கழுத்தைத் தடவிவிட்டுப் போயிற்று. ஒரு நாள் காந்தி வீதியில் சிக்னலுக்கு நிற்கும்போது அவன் சுகமாகக் கண்ணை மூடித் திறந்ததை இயக்குநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஆய்வு. இயக்குநரும் சுலோசனாவும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். சுலோசனா கையை நீட்டி அவன் பின்கழுத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுனுதான் இருக்கு சார்."

"வவுச்சர் கழுத்து எப்படிம்மா சில்லுனு இருக்கும்?"

"அதான் சார். உங்களுக்கு ஒதுக்கின குளிரு எல்லை தாண்டி முன்னாடி போவுது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா இன்னா சொல்றது?"

"இன்னாப்பா கன்னியப்பா, தெரிஞ்சேதான் அனுபவிச்சியா?" என்றார் இயக்குநர்.

"இல்லீங்க சார். அதுவா வந்துச்சு."

"அதுவா வந்தா வேணாம்னு சொல்லணும்ல."

குளிரிடம் எப்படி வேணாம் என்று சொல்வது என்று கன்னியப்பனுக்கு விளங்கவில்லை. ஆனாலும், "இனிமே சொல்லிடறேன் சார்" என்றான். மெமோவிலிருந்து அப்போதைக்குத் தப்பினான். ஐஸ் பேக்டரி வாசலில் தொங்குமே, அதுபோல கனத்த பிளாஸ்டிக் திரை ஒன்றை வாங்கி முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே மாட்டினார்கள். அதோடு இயக்குநர் பேசுவது முன்னால் கேட்காமல் போயிற்று. அவர் பின்சீட்டிலிருந்து செல்போனில் கூப்பிட்டுத்தான் இடது, வலது சொல்ல வேண்டியிருந்தது. கன்னியப்பனின் போனை வண்டியோடு இணைத்திருந்ததால் அவர் குரல் வண்டியிலிருந்த எல்லா ஸ்பீக்கரிலும் முழங்கி அவருக்கே திரும்பி வந்தது. தன் குரலைச் சுற்றிலும் கேட்பது அவருக்குப் பிடித்துவிட்டது. வழி தெரிந்த இடத்துக்குப் போகும்போதும் அவர் கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்தது, வண்டி எந்த மொழியில் வழி சொல்வது என்ற பிரச்சினை. தமிழ்தான் என்று சாதாரண ஆள் நினைப்பான். ஆனால் புதுச்சேரி என்பது புதுச்சேரி மட்டுமா? காரைக்கால் இருக்கிறது. கேரளத்துக்குள் மாகே இருக்கிறது. ஆந்திரத்துக்குள் ஏனாம் இருக்கிறது. ஒருவர் மனமும் புண்படக் கூடாது என்று இயக்குநர் உறுதியாக இருந்தார். திங்கள் தமிழ், செவ்வாய் மலையாளம், புதன் தெலுங்கு, வியாழன் பிரெஞ்சு, வெள்ளி ஆங்கிலம் என்று முறை வைத்தார்கள். மாகேயிலும் ஏனாமிலும் யாரும் இந்த வண்டியைப் பார்த்ததுமில்லை, பார்க்கப்போவதுமில்லை.

கன்னியப்பனுக்கு ஊரில் தெரியாத சந்து கிடையாது. ஆனால் தெரிந்த வழியில் போகக் கூடாது என்று உத்தரவு. "வண்டி சொல்றபடி போ. அரசாங்க வண்டி சொல்றத மீறிப் போனா அது ஒழுங்கீனம்" என்றார் இயக்குநர். அதனால் புதன்கிழமைகளில் அவன் தெலுங்கை நம்பி ஓட்டினான். எடம, குடி என்பதில் எது இடது, எது வலது என்று ஒரு முடிவுக்கு வருவதற்குள் பொட்டானிக்கல் கார்டனை நான்கைந்து தடவை சுற்றியாயிற்று. அங்கே பூ விற்கும் பெண்கள், யாரோ அதிகாரி வேண்டுதலுக்குச் சுற்றுகிறார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பிளாஸ்டிக் திரைக்குப் பின்னாலிருந்து இயக்குநர் அவர்களுக்குக் கையசைத்தார்.

இவையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டவை. வண்டி அவன் வயிற்றில் அடித்தது வேறு விதத்தில்.

அரசு வாகனம் முன் அனுமதி இல்லாமல் பிரதேச எல்லையைத் தாண்டக் கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. இத்தனை காலமும் அது யாரையும் தொந்தரவு செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்காவிட்டால் இங்கே யாராலும் எங்கேயும் போக முடியாது. ஏனென்றால் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அந்தக் காலத்தில் எப்படியோ பங்கு போட்டுக்கொண்டதில், நடு நடுவே தமிழ்நாடு வந்து வந்து போகும். வழுதாவூர் பக்கமாகத் திருக்கனூருக்குப் போனால், ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் அந்த மாநிலம் போய் இந்த மாநிலம் வந்துவிடும். மனிதர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வண்டி கவனித்தது. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு தடவையும், "உங்கள் வாகனம் பிரதேசத்தை விட்டு வெளியேறிவிட்டது" என்று சுலோசனாவின் போனுக்குச் செய்தி அனுப்பியது.

சுலோசனா அவனைக் கூப்பிட்டு போனைக் காட்டினார்.

"இன்னாப்பா இது? ஒரே நாள்ல இவ்ளோ தடவ வெளிமாநிலம் போயிருக்கிற?"

"திருக்கனூருக்குத்தான் மேடம் போனேன். ரோடு அப்படித்தான் போவுது."

"ரோடு போவும்பா. நீ ஏன் போற?"

சுலோசனா மெமோவை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். தேதி மட்டும் போடவில்லை. "உன் மேல இரக்கப்பட்டுதான் வெச்சிருக்கேன். இன்னொரு தடவ தாண்டுன, தேதி போட்டுடுவேன்" என்றார். அவர் பொல்லாதவர் இல்லை. விதிப்படி நடப்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

அன்று வீட்டுக்குப் போனதும் கமலவேணி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மெமோவா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றான். அவள் சோற்றை மூடி வைத்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கனகசெட்டிக்குளத்தில் விழா வந்தது. அமைச்சர் வந்து மீனவர் தெருவில் மரக்கன்று நடப்போகிறார். இயக்குநர் முன்னால் போய் வரவேற்க வேண்டும். கனகசெட்டிக்குளம் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம். அங்கிருந்து பொம்மையார்பாளையம் முடிய முழுக்கத் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடியில்தான் மறுபடியும் புதுச்சேரி தொடங்கும். அனுமதி கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் கன்று மரமாகிவிடும். எல்லையைத் தவிர்த்து வழி காட்டும்படி வண்டியின் திரையில் தட்டிப் பார்த்தார்கள். அது வெகு நேரம் யோசித்து, "பாதை இல்லை" என்றது.

இயக்குநர் அறையில் கூட்டம் நடந்தது. நோணாங்குப்பத்திலிருந்து படகு எடுத்துக் கடல் வழியாகவே போய்விடலாமே என்று யாரோ சொன்னார்கள்.

"படகுல நான் போயிடுவேன். வண்டி எப்படி வரும்?" என்றார் இயக்குநர்.

"வண்டி எதுக்கு சார்?" என்று கன்னியப்பன் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் போறது முக்கியமில்லப்பா. வண்டி போவணும். வண்டி இல்லாம போய் எறங்குனா நான் யாருன்னு அங்க எவனுக்குத் தெரியும்? எனக்கே ஒரு சந்தேகம் வந்துடும்."

சுலோசனாதான் வழி கண்டுபிடித்தார். "ரூல்ல, வண்டிய எல்லை தாண்டி ஓட்டிக்கிட்டுப் போவக் கூடாதுன்னுதான் சார் இருக்கு. தூக்கி வெச்சு எடுத்துக்கிட்டுப் போறதப் பத்தி ஒன்னும் இல்ல."

இயக்குநர் எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்.

அப்படித்தான், ஒரு வியாழக்கிழமை காலை, ரிப்பேரான வண்டிகளைத் தூக்கிச் செல்லும் லாரி ஒன்று முத்தியால்பேட்டையில் வந்து நின்றது. லாரி, கோட்டக்குப்பத்து ராஜவேலுடையது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியை எதற்குத் தூக்க வேண்டும் என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு நமக்கென்ன என்று ஏற்றிக் கட்டினார். வண்டிக்குள் இயக்குநர், பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால், பத்தொன்பது டிகிரியில். எஞ்சினை அணைத்தால் குளிர் போய்விடும் என்பதால் அது ஓடிக்கொண்டிருந்தது. சாவி செருகி வைக்கத் தேவையில்லாத வண்டி. முன்சீட்டில் மரக்கன்று, இணை இயக்குநருக்குரிய இருபத்தொரு டிகிரியில். பணியில் இருக்கும் வவுச்சர் ஊழியரும் எல்லை தாண்டக் கூடாது என்பதால் கன்னியப்பன் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ராஜவேல் பக்கத்தில் தனி மனிதனாக ஏறிக்கொண்டான். பிள்ளைச்சாவடியில் இறங்கியதும் மறுபடி டிரைவராவதாக ஏற்பாடு.

கோட்டக்குப்பம் கடைத்தெருவில் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "வண்டி அடிபட்டுட்டுது போல. உள்ள ஆளு இருக்கு பாருங்கடா, எடுக்கக்கூட இல்ல, அப்படியே தூக்கினு போறானுங்க!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இயக்குநர் அவருக்கும் கையசைத்தார். அவர் அலறி ஓடினார்.

பொம்மையார்பாளையம் வந்தபோது வண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சக்கரம் சுற்றவில்லை, ஆனால் ஊர் நகர்கிறது. சாவி பக்கத்தில் இல்லை. எல்லையும் தாண்டியாயிற்று. சுலோசனாவின் போனுக்கு, "உங்கள் வாகனம் திருடப்படுகிறதா? ஆம் / இல்லை" என்று கேட்டு அனுப்பியது. சுலோசனா யோசித்தார். வண்டி பிரதேசத்தில் இல்லை. டிரைவர் விடுப்பில் இருக்கிறார். அனுமதி ஆணை கிடையாது. விதிப்படி பார்த்தால் திருட்டுதான். "ஆம்" என்பதை அழுத்தினார்.

எஞ்சின் நின்றது. ஏசி நின்றது. கதவுகள் நான்கும் உள்ளிருந்தும் திறக்க முடியாதபடி படார் என்று பூட்டிக்கொண்டன. ஹாரன் விடாமல் அலற, அதற்கும் மேலே ஒரு பெண் குரல் பிரெஞ்சில், "வோலேர்! வோலேர்!" என்று கத்தத் தொடங்கியது. திருடன், திருடன் என்று அர்த்தம். ராஜவேல் பயந்துபோய் லாரியை ஓரம் கட்டிவிட்டு, தூர நின்றுகொண்டார்.

கன்னியப்பன் லாரிமேல் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இயக்குநர் பிளாஸ்டிக் திரையைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்து கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தார். கொளுத்தும் வெயில். அவர் முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்திருந்தது. கன்னியப்பனின் போன் அடித்தது.

"டேய், தொறடா! சாவி உங்கிட்டதானடா இருக்கு!"

கன்னியப்பன் பாக்கெட்டில் கை விட்டான். பிறகு, தேதி போடாத அந்த மெமோ ஞாபகத்துக்கு வந்தது. கை நின்றது. "சார், நான் லீவுல இருக்கேன். லீவுல இருக்குற வவுச்சர் ஊழியர் அரசு வண்டியத் தொடக் கூடாதுன்னு நீங்கதான் சார் போன மாசம் சர்க்குலர் போட்டீங்க. தொட்டா மெமோ ஆயிடும் சார். எனக்கு பெர்மனன்ட் போயிடும்."

அவன் பழி வாங்கவில்லை. சத்தியமாகப் பயந்தான். கண் கலங்கியிருந்தது. இயக்குநர் சுலோசனாவையும் போனில் சேர்த்துக்கொண்டார்.

"சுலோசனா, இவனைத் தொறக்கச் சொல்லும்மா!"

"வவுச்சர் ஆளு லீவுல தொட ரூல் இல்ல சார். பெர்மனன்ட் ஆளா இருந்தா, லீவுல இருந்தாலும் அவசரத்துக்குக் கூப்பிடலாம். இவரு வவுச்சரா போயிட்டாரே சார், நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்படின்னா இவனைப் பெர்மனன்ட் பண்ணித் தொலை!"

"அது நீங்கதான் சார் பண்ணணும்."

இயக்குநர் விழா அழைப்பிதழை எடுத்தார். அதன் பின்பக்கம், வியர்வை சொட்டச் சொட்ட எழுதினார். கையெழுத்துப் போட்டார். கைப்பையிலிருந்து முத்திரையையும் எடுத்துக் குத்தினார். முத்திரை இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அதைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துக் காட்டினார். கன்னியப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். வவுச்சர் டிரைவர் கன்னியப்பன் இன்று முதல் பணி நிரந்தரம் செய்யப்படுகிறார். இன்னொரு தடவை படித்தான். மூன்றாவது தடவை படிக்கப்போனவனைப் பார்த்து இயக்குநர் உள்ளே கையெடுத்துக் கும்பிட்டார். அவன் கதவைத் திறந்தான்.

விழா முடிந்து சாயங்காலம் கமலவேணிக்குப் போன் செய்து, "ஆயிடுச்சு" என்றான்.

"இன்னா ஆயிடுச்சு?"

"பெர்மனன்ட்."

அவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே போய்த் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். இத்தனை வருடமாகக் கேள்வி கேட்ட ஒருத்தரையும் விடாமல் தேடித் தேடிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சுலோசனா அவனைக் கூப்பிட்டார். வண்டியின் பதிவுகளைத் திரையிலிருந்து எடுத்து அச்சடித்து வைத்திருந்தார்.

"ஆர்டர் போட்ட நேரத்துல வண்டி நின்ன எடம் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. புதுச்சேரி அதிகாரி அங்க உக்காந்துகிட்டுப் போட்ட கையெழுத்து செல்லாது கன்னியப்பா."

கன்னியப்பன் இயக்குநர் அறைக்கு ஓடினான். இயக்குநர் வருத்தமாகத்தான் இருந்தார். "நான் இன்னா பண்ணட்டும்பா? கோட்டக்குப்பம் வந்துட்டா எனக்கு அதிகாரமே கெடையாது. அங்க நான் சாதாரண ஆளு."

"அப்ப இங்கயே இன்னொரு தடவ போட்டுடுங்க சார். இது பாண்டிச்சேரிதானே?"

"அங்க அவசரம் இருந்துச்சு, போட்டேன்" என்றார் இயக்குநர். "இங்க இன்னா அவசரம்?"

ஃபைல் சுலோசனாவின் மேசைக்குத் திரும்பிப் போயிற்று. கமலவேணியிடம் சொல்ல அவனுக்கு மூன்று நாள் ஆயிற்று. சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "லட்டு வாங்கித் தின்னாங்களே, அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" கன்னியப்பனுக்கு அன்று வந்த கோபம் பிறகு தணியவே இல்லை. அந்தக் கோபத்தோடேயே வேலைக்குப் போனான்.

மழைக்காலம் முடிந்து, நட்ட கன்றிலிருந்து நிழல் விழுகிறதா என்று அளக்க இயக்குநர் மறுபடியும் கனகசெட்டிக்குளம் கிளம்பினார். இந்தத் தடவை முறையாக அனுமதி வாங்கியிருந்தார். திங்கட்கிழமை என்பதால் வண்டி தமிழில் பேசியது. முத்தியால்பேட்டை தாண்டியதும், "நீங்கள் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறீர்கள்" என்றது. கன்னியப்பன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கிழிந்த பிளாஸ்டிக் திரை வழியாகப் பின்னால் திரும்பினான்.

"கோட்டக்குப்பம் வந்துட்டோம் சார்."

"ஆமா. அதுக்கு ஏன் நிக்கிற?"

"இங்க நீங்க சாதாரண ஆளுன்னு நீங்களேதான் சொன்னீங்க. நானும் சாதாரண ஆளு. நீங்க பின்னாடி உக்காந்துக்கிட்டா நல்லா இல்ல. முன்னாடி வாங்க."

இயக்குநருக்கு முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். எந்த அதிகாரத்தில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். வெளியே பார்த்தார். சாலையோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை. இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

சின்ன முதலியார்சாவடி வந்தது. இயக்குநர் மூக்கை உறிஞ்சினார்.

"இந்த ஏசிய அணைச்சுடேன்" என்றார். "அந்தப் பத்தொம்பது டிகிரி எனக்கு ஒத்துக்கவே இல்லப்பா. வண்டி வந்த நாள்லருந்து சளி. கொறைச்சா, பதவி கொறைஞ்சுட்டுதுன்னு ஆபீஸ்ல பேசிடுவாங்களேன்னுதான்..."

கன்னியப்பன் அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினான். கடல் காற்று வந்தது. இயக்குநர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிக்கொண்டார். அவன் வீட்டைப் பற்றி விசாரித்தார். கமலவேணி பெயரை முதல் தடவையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். லட்டு விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உண்மையாகவே கஷ்டமாகிவிட்டது.

"எம் மனசுக்கு, உன்னை எப்பவோ பெர்மனன்ட் பண்ணியிருக்கணும் கன்னியப்பா. சத்தியமா சொல்றேன். மனுஷனா சொல்றேன்."

"அப்படிங்களா சார்?" என்றான் கன்னியப்பன். "புதுசா ஆர்டர் அடிச்சு, டேஷ்போர்டுக்குள்ள வெச்சிருக்கேன். பேனாவும் இருக்கு. பிள்ளைச்சாவடி இதோ வந்துடும். அது பாண்டிச்சேரி எடம். அங்க நிறுத்தறேன், போட்டுடுங்க."

பொம்மையார்பாளையம் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. "ஐந்நூறு மீட்டரில் புதுச்சேரி எல்லை" என்றது வண்டி. இயக்குநர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"கன்னியப்பா."

"சொல்லுங்க."

"கொஞ்சம் மெதுவாவே போயேன்."

கன்னியப்பன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தான்.